30ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழா: போய் வந்தவர்கள் வாருங்கள், பேசுவோம்

படச்சுருள்
21 டிசம்பர் 2025, இரவு 9:40

நிறைவு விழாவுக்கு நிற்காமல் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் அனந்தபுரி எக்ஸ்பிரஸைப் பிடித்து, நேற்றுக் காலை எழும்பூரில் இறங்கினேன். இன்னும் துணி துவைக்கவில்லை. ஆனால் இதை இன்றே எழுதாவிட்டால் சூடு ஆறிவிடும்.

டிசம்பர் 12 முதல் 19 வரை எட்டு நாட்கள். 200க்கும் மேற்பட்ட படங்கள். என்னால் பார்க்க முடிந்தது 26. எனக்கு இது ஒன்பதாவது வருடம். இத்தனை வருடங்களில், விழா நடக்கும்போதே ஒரு படம் திரைக்கு வருமா வராதா என்று வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது இதுதான் முதல் முறை.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் நாள் நிஷாகந்தி திறந்தவெளி அரங்கில் தொடக்கப் படம் 'பாலஸ்தீன் 36'. அன்னமாரி ஜாசிர் இயக்கியது. 1936இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் பாலஸ்தீன விவசாயிகள் எழுந்த கதை. 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கே படப்பிடிப்பு நடத்த முடியாமல் ஜோர்டானுக்குப் போய் எடுத்த படம். ஊருக்கும் ஜெருசலேமுக்கும் இடையே போய் வரும் அந்த இளைஞனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தாத்தா காலத்து ஜமீன் கதை நினைவுக்கு வந்தது. நிலத்தை அளக்க வருபவன் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் வருகிறான்.

மூன்று நான்கு நாட்களில் செய்தி வந்தது: தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் விழாவில் திரையிட ஒன்றிய அரசு தர வேண்டிய விலக்கு 19 படங்களுக்குக் கிடைக்கவில்லை. பட்டியலில் பாலஸ்தீனப் படங்கள் இருந்தன. மொரிட்டானிய இயக்குநர் சிசாகோவின் 'டிம்பக்டு', 'பமாகோ' இரண்டும் இருந்தன. அவருக்குத்தான் இந்த வருடம் வாழ்நாள் சாதனையாளர் விருது! சந்தியா சூரியின் 'சந்தோஷ்' இருந்தது. அப்புறம் சோவியத் இயக்குநர் ஐசென்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்', கப்பல் மாலுமிகளின் கிளர்ச்சியைப் பற்றிய மௌனப் படம். 1925இல் வந்த படம். இந்த வருடம் அதற்கு நூறு வயது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, தோளில் விழாப் பை. செய்தியைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். "பொட்டெம்கினா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. பின்னால் யாரோ கோஷம் போட ஆரம்பித்தார்கள். ஒரு நிமிடத்தில் வரிசை முழுக்கக் கை உயர்ந்தது. யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. படத்தையும் விடக் கூடாது, குரலையும் விடக் கூடாது. அந்த வரிசைக்காகத்தான் நான் ஒவ்வொரு வருடமும் போகிறேன்.

போனவர்கள் என்ன பார்த்தீர்கள்? அந்த நாட்களில் எங்கே இருந்தீர்கள்?

---

நாஞ்சில்நாட்டான்
21 டிசம்பர், இரவு 10:25

நான் தினமும் நாகர்கோயிலிலிருந்து ரயிலில் போய் வந்தேன் தம்பி. காலையில் கிளம்பினால் முதல் காட்சிக்குத் தம்பானூரில் இறங்கிவிடலாம். கைரளி, ஸ்ரீ, நிலா மூன்று அரங்கும் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். இரவு கடைசிக் காட்சியை மட்டும் விட வேண்டும். 1956 நவம்பர் வரை நாங்கள் அந்தப் பக்கம்தானே இருந்தோம். மலையாளம் பேசினால் ஊர்க்காரன் என்றே நினைக்கிறார்கள்.

பொட்டெம்கினை நான் முதலில் பார்த்தது 1983இல், சென்னையில் கஸ்தூரி ரங்கன் சாலை சோவியத் கலாச்சார மையத்தில். அப்போது கல்லூரிப் பையன். கப்பலில் மருத்துவர் தன் மூக்குக் கண்ணாடியை மடித்து, பூதக்கண்ணாடி மாதிரி இறைச்சி மேல் வைத்துப் பார்ப்பார். புழு நெளியும். "இது புழு இல்லை" என்பார். எங்கள் விடுதியில் அன்று காலை அரிசியில் வண்டு. இரண்டையும் சேர்த்து நினைத்த அந்த நொடியை நாற்பது வருடமாக மறக்க முடியவில்லை.

பிரிட்டனில் இந்தப் படத்துக்கு 1926இல் தடை போட்டார்கள். 1954இல்தான் நீக்கினார்கள். அவர்களாவது பயந்து போட்டார்கள், புரிகிறது. நூறு வயதான படத்தை 2025இல் காகிதத்தில் நிறுத்தி வைத்தால் எனக்குப் புரியவில்லை.

---

ஓரச்சீட்டு
21 டிசம்பர், இரவு 11:02

கோவையிலிருந்து நானும் என் தோழியும் போனோம். எங்களுக்கு இது இரண்டாவது வருடம்.

நான் வேறு ஒன்று சொல்ல வேண்டும். இரவுக் காட்சி முடிந்து, பன்னிரண்டு மணிக்கு மேல், மானவீயம் வீதி வழியாக நாங்கள் இருவரும் படத்தைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு நடந்தோம். தெருவில் பாதிப் பேர் பெண்கள். கட்டஞ்சாயா குடித்தோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை எங்கள் ஊரில் நினைத்துப் பார்க்க முடியாது. படம் பார்க்கப் போய் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் அந்த நடைதான்.

2022 விழாவை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் அதைப் படித்துத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஈரான் இயக்குநர் மஹ்னாஸ் முகமதிக்கு 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருது. அவரால் வர முடியவில்லை. தன் தலைமுடியை வெட்டிக் கொடுத்தனுப்பினார். கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி அதை மேடையில் தூக்கிக் காட்டினார். அதே 2022 மார்ச்சில், கொரோனாவால் தள்ளிப்போன விழாவில், குண்டுவெடிப்பில் இரண்டு கால்களையும் இழந்த குர்து இயக்குநர் லிசா சலான் அந்த விருதை வாங்கினார். இந்த வருடம் நடுவர் குழுவுக்குத் தலைவர் முகமது ரசூலோஃப். எட்டு வருடச் சிறைத் தண்டனையிலிருந்து தப்பி, மலை வழியே நடந்து ஈரானை விட்டு வெளியேறியவர். அவர் உட்கார்ந்திருக்கும் ஊரிலேயே 19 படங்களை நிறுத்தினால் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? எனக்கு உண்மையிலேயே கூச்சமாக இருந்தது.

---

கணக்கர்
22 டிசம்பர், காலை 7:15

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள், மதிக்கிறேன். நானும் போயிருந்தேன். ஆனால் நடைமுறையையும் பேச வேண்டும்.

விழாவுக்கு வரும் பெரும்பாலான படங்கள் இங்கே தணிக்கைச் சான்றிதழ் வாங்காதவை. அதனால் விழா நடத்துபவர்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இது கேரளாவுக்கு மட்டும் உள்ள விதி இல்லை, சென்னை விழாவுக்கும் இதேதான். விண்ணப்பம் தாமதமாகப் போனது என்ற குற்றச்சாட்டும் இந்த முறை எழுந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது. 200 படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு, விலக்கு வாங்க எத்தனை நாள் ஆகும் என்று தெரியாதா?

இன்னொன்று. எல்லாப் படங்களையும் திரையிடுவோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். கைதட்டினோம். அப்புறம் அமைச்சகம் தவணை தவணையாகப் பெரும்பாலான படங்களுக்கு அனுமதி கொடுத்தது. கடைசியில் ஆறு படங்கள் திரைக்கு வரவில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் ஆட்சேபம் என்று செய்தி வந்தது. செய்ய முடியாததை ஏன் வாக்குக் கொடுக்க வேண்டும்? அந்த ஆறில் ஒன்று என் முன்பதிவில் இருந்தது. ரத்து என்று வந்தபோது எனக்குக் கோபம் வந்தது இரண்டு பக்கத்தின் மேலும்தான்.

---

படச்சுருள்
22 டிசம்பர், காலை 8:30

கணக்கர், தாமதம் பற்றிய கேள்வி நியாயம். விழாவை நடத்தும் கேரளச் சலச்சித்திர அகாதமி அதற்கு வெளிப்படையாகப் பதில் சொல்லட்டும், நானும் கேட்கிறேன்.

ஆனால் தாமதம்தான் காரணம் என்றால் மற்ற படங்களுக்கும் அதே தாமதம்தானே? 19 மட்டும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்? ஸ்பானியப் படம் ஒன்றின் பெயர் 'பீஃப்'. அது ராப் பாட்டுக்காரர்கள் மேடையில் மோதிக்கொள்வதைப் பற்றிய படம், அவர்கள் பேச்சில் அதற்கு 'சண்டை' என்று பொருள். அது ஏன் பட்டியலில் ஏறியது என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

2017 நினைவிருக்கிறதா? அதே அகாதமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுத்தார்கள். ரோகித் வெமுலா, காஷ்மீர், ஜேஎன்யு ஆகியவற்றைப் பற்றிய படங்கள். அப்போது எந்தத் தாமதமும் பேசப்படவில்லை.

ஆறு படங்களை அனுமதியில்லாமல் போட்டிருக்க வேண்டுமா என்று கேட்டால், எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. அரங்க உரிமையாளரின் உரிமத்தைப் பணயம் வைத்து நான் வீரம் பேசக் கூடாது. ஆனாலும் அந்தக் காட்சிக்கு வந்து நின்றவர்களைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

---

கொக்குவில்
22 டிசம்பர், பகல் 12:48

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த முறை வர இயலவில்லை, செய்திகளைத்தான் பின்தொடர்ந்தேன். அந்தப் பட்டியலில் 'ரிவர்ஸ்டோன்' எண்டு ஒரு சிங்களப் படமும் இருந்ததை உங்களில் ஒருவரும் சொல்லவில்லை. லலித் ரத்நாயக்க எடுத்தது. ஒரு கைதியைப் பொலிஸ்காரர் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிற பயணம். நாங்கள் இப்படியான பயணங்களின் முடிவை அறிந்த சனம். எங்கட நாட்டுப் பொலிஸைப் பற்றி எங்கட நாட்டு ஆள் எடுத்த படத்துக்கு உங்கட நாட்டில் ஏன் தடங்கல் வந்தது எண்டு விளங்கவில்லை.

இங்கேயும் 2015 தொடக்கம் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா நடக்குது. சின்ன விழாதான். கதிரை போட்டு இருந்து, படம் முடிய வாசலில் நிண்டு கதைப்போம். சிங்கள இயக்குநர்மார் வருவினம், எங்கட பெடியளோட இருந்து தேத்தண்ணி குடிப்பினம். அந்தக் கதையை வேறு எந்த மேடையிலும் கதைக்கேலாது. ஒரு படத்தை மறித்தால் அந்தக் கதையையும் சேர்த்துத்தான் மறிக்கிறார்கள், அண்ணை.

---

நாஞ்சில்நாட்டான்
22 டிசம்பர், பகல் 1:30

கொக்குவில் தம்பி, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. நான் அந்தப் படத்தின் பெயரைப் பட்டியலில் பார்த்தும் கடந்து போய்விட்டேன்.

அந்த வகையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஏப்ரலில் மலையாள இயக்குநர் ஷாஜி என். கருண் போய்விட்டார். அவர் இல்லாமல் நடந்த முதல் விழா இது. 1994இல் கோழிக்கோட்டில் தொடங்கிய விழா, 1998இல் சலச்சித்திர அகாதமி வந்த பிறகுதான் இப்போதுள்ள உருவத்துக்கு வந்தது. அகாதமியின் முதல் தலைவர் அவர். அவருடைய 'பிறவி'யில் ஒரு வயதான அப்பா, போலீஸ் கொண்டுபோன மகன் வருவான் என்று தினமும் படகுத்துறைக்குப் போய்ப் பேருந்துக்காகக் காத்திருப்பார். மழை பெய்துகொண்டே இருக்கும். நெருக்கடி நிலைக் காலத்தில் போலீஸ் காவலில் மாண்ட மாணவர் ராஜனின் வழக்கை அறிந்தவர்களுக்கு அந்த மழை என்னவென்று தெரியும். அந்தப் படத்தை எடுத்தவர் கட்டிய விழா இப்படித்தான் இருக்கும்.

---

மாலைக்காட்சி
22 டிசம்பர், மாலை 6:10

படங்களைப் பற்றி யாருமே பேசவில்லையே! நான் பேசுகிறேன்.

சிறந்த படத்துக்கான சுவர்ண சகோரம் விருதை வாங்கியது ஷோ மியாகேயின் 'டூ சீசன்ஸ், டூ ஸ்ட்ரேஞ்சர்ஸ்'. ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவிலும் முதல் பரிசான தங்கச் சிறுத்தை அதற்குத்தான். ஜப்பானில் எழுத வராமல் தவிக்கும் ஒரு திரைக்கதை எழுத்தாளர், கொரியப் பெண். முதல் பாதி கோடையும் கடலும். இரண்டாம் பாதி பனி. பனி மூடிய ஒரு பழைய விடுதியில் அவரும் விடுதிக்காரரும் மட்டும். அந்த ஆள் அதிகம் பேசமாட்டார். அடுப்பு எரியும் சத்தமும் வெளியே பனி சறுக்கும் சத்தமும்தான். அரங்கில் என் பக்கத்து இருக்கைக்காரர் பையிலிருந்து பிஸ்கட் எடுக்கப் போனவர், சத்தம் வரும் என்று கையை அப்படியே வைத்துக்கொண்டு அந்தக் காட்சி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஒரு படத்துக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

ஈரான் இயக்குநர் பனாஹியின் 'இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்' பார்க்க எனக்கு இடம் கிடைக்கவில்லை, படியில் உட்கார்ந்து பார்த்தேன். சிறையில் கண்ணைக் கட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு மெக்கானிக், தன்னை வதைத்தவனின் செயற்கைக் காலின் கிறீச் சத்தத்தை மட்டும் வைத்து வருடங்கள் கழித்து அவனை அடையாளம் காண்கிறான். அடையாளம் சரிதானா என்று தெரியாமல் ஒரு வேனில் அவனைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுகிறான். வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்கு என் பின்னால் எந்த நடைச் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்தேன்.

குறையும் சொல்கிறேன். ஒரு அரங்கில் திரை தாழ்வாக இருந்ததால் முன் இருக்கைக்காரர்களின் தலை திரைக்கு அடியில் வரும் வசன வரிகளை மறைத்தது. மலையாள வரியும் ஆங்கில வரியும் தெரியாமல் ஒரு அரபுப் படத்தை முகங்களை வைத்தே பாதி பார்த்தேன். இது வருடா வருடம் நடக்கிறது.

---

ஓரச்சீட்டு
22 டிசம்பர், இரவு 8:05

அந்த அரங்கு எது என்று எனக்கும் தெரியும்! கடைசி வரிசைக்குப் போய் நின்று பாருங்கள், நிற்பவருக்கு மறைக்காது.

முன்பதிவு செயலியைப் பற்றியும் சொல்லுங்கள். திறந்த சில நிமிடங்களில் பெரிய படங்கள் தீர்ந்துவிடுகின்றன. நல்ல கைப்பேசியும் நெட்டும் உள்ளவருக்குத்தான் இடம். முன்பதிவு இல்லாதவர் வரிசையில் நிற்கும் பழைய தமிழ் ஆசிரியர்களையும் ஆட்டோ ஓட்டுநர்களையும் நான் பார்த்தேன். அவர்களுக்கு ஒதுக்கும் இடம் இன்னும் அதிகரிக்க வேண்டும்.

---

கணக்கர்
22 டிசம்பர், இரவு 9:20

இதில் முழுக்க உடன்படுகிறேன். 2022இல் 'நண்பகல் நேரத்து மயக்கம்' முதல் காட்சிக்கு வாசலில் நடந்த தள்ளுமுள்ளு இந்தக் குறையால்தான். பாதிப் படம் தமிழில், பழனிப் பக்கத்துக் கிராமத்தில் நடக்கிறது. அதைப் பார்க்க மலையாளிகள் அடிதடி போட்டார்கள். பார்வையாளர் விருதும் அதற்கே. அதே வருடம் மார்ச்சில் நம் வினோத்ராஜின் 'கூழாங்கல்'லுக்கும் அங்கே பார்வையாளர்கள் வாக்களித்து விருது கொடுத்தார்கள். அந்தப் படத்தை நம் ஊர்த் திரையரங்கில் நாம் பார்க்க முடிந்ததா?

இங்கேதான் என் கேள்வி. சென்னையில் 2003இலிருந்து சர்வதேச விழா நடக்கிறது. இந்த வருடமும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான் நடந்தது. நாம் ஏன் ரயிலேறிப் போகிறோம்?

---

நாஞ்சில்நாட்டான்
22 டிசம்பர், இரவு 10:40

சென்னை விழாவைக் குறைத்துப் பேச வேண்டாம். குறைந்த பணத்தில் இருபது வருடத்துக்கு மேல் விடாமல் நடத்துவது பெரிய உழைப்பு. வித்தியாசம் விழாவில் இல்லை, கேரளாவில் விழாவுக்கு முந்தைய முப்பது வருடத்தில் இருக்கிறது.

1965இல் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அதன் பிறகு வாசகசாலை இருந்த ஊரிலெல்லாம் ஒரு சொசைட்டி. 16 எம்எம் பெட்டி பேருந்தில் வரும். பள்ளிக்கூடச் சுவரில் படம் ஓடும். 1984இல் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 'ஒடேசா' என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். பொட்டெம்கினில் வரும் ஒடேசா நகரத்தின் பெயர்தான். ஊர் ஊராகச் சாப்ளினின் 'தி கிட்' போட்டு, துண்டை விரித்துச் சில்லறை வாங்கி, அந்தக் காசில் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். 1986. அந்தச் சில்லறை போட்டவர்களின் பிள்ளைகள்தான் இன்று கைரளி படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதே ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' எடுத்தார். தேசிய விருது வாங்கியது. நம்மில் எத்தனை பேர் அதைப் பெரிய திரையில் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை. கேரளாவில் போய்த்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

---

மாலைக்காட்சி
23 டிசம்பர், காலை 6:55

இரவெல்லாம் யோசித்தேன் அண்ணே. பேசிக்கொண்டே இருக்க வேண்டாம். பொட்டெம்கின் 75 நிமிடம்தான். ஜனவரியில் ஒரு ஞாயிறு நாகர்கோயிலில் போடுவோமா? நான் திருநெல்வேலிதான், வந்துவிடுவேன்.

---

நாஞ்சில்நாட்டான்
23 டிசம்பர், காலை 7:20

எங்கள் வாசகசாலை மாடி இருக்கிறது. அறுபது பேர் உட்காரலாம். செயலாளரிடம் இன்று மாலை கேட்கிறேன். அவர் மறுக்கமாட்டார், அவரும் கஸ்தூரி ரங்கன் சாலைக்காரர்தான்.

---

ஓரச்சீட்டு
23 டிசம்பர், காலை 9:12

நாங்கள் இரண்டு பேர் வருகிறோம். புரொஜக்டர் என் தோழியிடம் உண்டு. ஸ்பீக்கர் அங்கே கிடைக்குமா? வசனம் இல்லாத படம், இசை சரியாகக் கேட்க வேண்டும். தலைப்பு அட்டைகளைத் தமிழில் எழுதித் தர நான் தயார், யாராவது சரிபார்த்தால் போதும்.

---

கொக்குவில்
23 டிசம்பர், காலை 11:30

தமிழ்த் தலைப்புகளை எனக்கும் அனுப்புங்கோ தங்கச்சி. பிழை பார்த்துத் தாறன். அப்படியே இங்கேயும் ஒரு நாள் போடலாம்.

---

கணக்கர்
23 டிசம்பர், பகல் 12:05

ஸ்பீக்கர் வாடகை என் பொறுப்பு. திரைக்குத் துணி வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி வெள்ளைக் காடா என் வீட்டில் இருக்கிறது, தம்பி கல்யாணத்துக்கு வாங்கியது. துவைத்துக் கொண்டு வருகிறேன்.